சின்னாற்றுக்கு அடியில் யாரோ இழுக்கிறார்கள்

பஸ் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடியின் மேல் காஜா தன் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் படுக்க வைத்தான்.

"ஏம்பா, அது எஞ்சின். அடுப்பு இல்ல" என்றார் டிரைவர்.

"தெரியும்ண்ணே. அடுப்பா இருந்தா இந்நேரம் சூடாயிருக்குமே."

1973 மார்கழி. தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் முதல் பஸ். கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. பாட்டிலுக்குள் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் காஜா எந்தக் கேஸையும் தொட மாட்டான்.

அவன் எட்டு வருடம் இதே தடத்தில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய அன்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி அவனை உதவியாளாக வைத்துக்கொண்டாள். அவளும் ஒரு வேலையை விட்டு வந்தவள்தான். இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டர். முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே பொய்யைக் கண்டுபிடிப்பாள். துப்பறிவதற்கு அது போதும் என்று நினைத்தாள். இதுவரை போதுமானதாகத்தான் இருந்தது.

"கேஸ் என்னாக்கா?" என்றான் காஜா.

"ஆத்துக்கு அடியில யாரோ இழுக்கிறாங்களாம்."

"எதை?"

"இரும்பை."

காஜா குரங்குக் குல்லாவைக் காது வரை இறக்கிவிட்டுக்கொண்டான். "இழுக்கிறவன் நல்லா இருக்கட்டும். நாம திரும்பிடலாம்."

"கேஸ் முடிஞ்சா ஒகேனக்கல்ல மீன் வாங்கித் தரேன்."

காஜா குல்லாவை மேலே ஏற்றினான். "எத்தனை பேரு இழுக்கிறாங்கக்கா?"

*

சின்னாற்றின் கரையில் பனி இடுப்பளவுக்குத் தேங்கி நின்றது. அதற்குள் ஒரு பெரிய குழி. குழிக்குள் முழங்கால் வரை ஊற்றுநீர். நீரில் நான்கு பேர். அவர்களுடைய தலைவன் சென்றாயன் மேலே ஏறி வந்து கும்பிட்டான்.

"வந்துட்டீங்களாக்கா. பன்னண்டு மணிக்குப் போலீசு வருது. அதுக்குள்ள பிட்டு எங்க இருக்குன்னு காட்டலைன்னா என்னை ஏத்திக்கினு போயிடுவாங்க."

சென்றாயன் சைடு போர் போடுகிறவன். கிணற்றுக்குள் இறங்கி, முனையில் பிட்டு என்கிற துளைக்கும் இரும்பை மாட்டிய ராடைச் சுவரில் பக்கவாட்டாகத் திருகி, எட்டத்தில் இருக்கும் ஊற்றைத் தொட்டு இழுத்து வருவது அவன் தொழில். இங்கே அவனுக்குக் கொடுத்த வேலை வேறு. அக்கரை ஊர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போக வேண்டும். போன வருடம் ஆற்றின் மேலே தூண் கட்டிப் போட்ட குழாயை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இந்த வருடம் காண்டிராக்டர், ஆற்றுக்கு அடியில் துளை போட்டுக் குழாயை நுழைக்கலாம் என்றார். இக்கரையில் ஒரு குழி, அக்கரையில் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ராடு தூரம்.

"எத்தனை ராடு உள்ள போயிருக்குது?" என்றாள் பாஞ்சாலி.

"பதினாறுங்க."

"அந்தப் பக்கக் குழியில வந்துச்சா?"

"வரலீங்களே! அதுதானுங்க வெனை. நாலு ராடு அதிகமாப் போயும் பிட்டோட மூக்குகூட எட்டிப் பாக்கல. நான் ராடை வித்துட்டேன், மண்ணுக்குள்ள பத்துதான் இருக்குன்னு ஓவர்சியர் எழுதிக் குடுத்துட்டாரு."

"வெளிய இழுத்து எண்ணிக் காட்ட வேண்டியதுதானே" என்றான் காஜா.

சென்றாயன் குரலைத் தாழ்த்தினான். "இழுத்தா வரல தம்பி. அரை அடி வருது. அப்புறம் அந்தப் பக்கம் யாரோ திருப்பி இழுக்கிறாங்க. மூணு நாளா இப்படித்தான். ராடு சுத்துது, முன்னால மண்ணே இல்லாத மாதிரி சும்மா சுத்துது. ஆனா இழுக்க விட மாட்டேங்குது. என் ஆளுங்க ரெண்டு பேரு காய்ச்சல்னு ஊருக்கே போயிட்டானுங்க."

காஜா தன்னை அறியாமல் குழியிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

குழிக்குப் பக்கத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் முறை வைத்து மேலே வந்து விரல்களைக் காட்டிவிட்டு இறங்கினார்கள். பாஞ்சாலி தீயைப் பார்த்தாள். எரிந்தது விறகு இல்லை. இழைத்துச் சீவிய மர ஆப்புகள். பக்கத்தில் இன்னும் ஒரு குவியல் இருந்தது.

"ஆப்பை ஏம்பா எரிக்கிறீங்க?"

"வேற என்ன செய்யறதுங்க. ராடு சுத்துற மேடை சேத்துல தினமும் முன்பக்கம் அமுங்கும். மட்டம் பாத்து அடியில ஆப்பு வெக்கணும். நாளுக்கு ஒண்ணாவது வேணும்னு செஞ்சு வெச்சேன். ஓவர்சியர் தினமும் பாத்துட்டு வாணாம், மட்டமா இருக்குதுன்னுட்டாரு. ஒண்ணுகூட செலவாவல."

பாஞ்சாலி ஒரு ஆப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

ஓவர்சியர் நஞ்சப்பன் தகர ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். மேலே ஸ்வெட்டர். அதன் மேல் இன்னொரு ஸ்வெட்டர். கழுத்தில் மப்ளர், தலையில் மப்ளர். கண்ணும் மீசையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"யாரும்மா நீ?"

"ஆத்துக்கு அடியில இருக்கிறவங்களுக்குச் சொந்தம்" என்றான் காஜா.

"நான் பாஞ்சாலிங்க. சென்றாயன் கூப்பிட்டு வந்தேன்."

"திருடனுக்கு வக்காலத்தா? நல்லாப் பாத்துக்க. துளை போடறதுக்கு முக்கியம் மட்டம். மட்டத்துக்கு நான் கியாரண்டி. காலைல ஆறு மணி அடிச்சா இங்க நிப்பேன். பதினெட்டு நாளா பாக்கிறேன், ஒரு நாள்கூடத் தப்பினது இல்ல."

கையில் ஒரு மரப் பெட்டி. அதைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தார். முழ நீளக் கட்டை. நடுவில் கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும். குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓரம் போனால் கோணல். கொத்தனார் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

நஞ்சப்பன் குழிக்குள் குனிந்து மேடையின் மேல் அதை வைத்தார். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. மப்ளர் முனையால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"பாரு. நட்ட நடு சென்டர். பதினெட்டு நாளா ஒரு முடி அசையல."

காஜா எட்டிப் பார்த்தான். வெள்ளைப் பனிக்குள் குமிழி நடுவில் மங்கலாகத் தெரிந்தது. பாஞ்சாலி கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்றார் நஞ்சப்பன். "இதை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. மட்டம் கெட்டுடும்."

பெட்டிக்குள் வைத்து மூடினார். பெட்டியை ஷெட்டுக்குள் ஒரு கருங்கல் பலகை மேல் வைத்தார். பூட்டு இல்லை. அதட்டலே பூட்டு. பிறகு டீ குடிக்கப் போனார்.

"தினமும் இப்படித்தானா?" என்றாள் பாஞ்சாலி.

"ஆமாங்க" என்றான் சென்றாயன். "ஆறு மணிக்கு மட்டம். ஆறேகாலுக்கு டீ. அதோட மறுநாள்தான். கண்ணாடியில பனி புடிச்சிருக்குங்க, தொடைங்கன்னு நான்கூட சொல்வேன். தொடைச்சாலும் போவாது. அவ்வளவு பனி."

பாஞ்சாலி மூடிய பெட்டியையே பார்த்தாள். காஜாவுக்கு அந்தப் பார்வை தெரியும். ஆபரேட்டராக இருந்தபோது மறுமுனையில் யாராவது பொய் சொன்னால் போர்டை இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"சுத்துங்கப்பா" என்றாள்.

நான்கு பேர் கைப்பிடியைச் சுற்றினார்கள். ராடு திரும்பியது. உடனே அக்கரையிலிருந்து பனியைத் துளைத்துக்கொண்டு ஒரு மணிச் சத்தம் வந்தது. பிறகு பம்பை.

"நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். பம்பை இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நின்றது.

"அது என்ன சத்தம்?"

"தெரியலீங்க. மார்கழி மாசம், எந்தக் கோயிலோ. நாங்க வேலை ஆரம்பிக்கிற நேரம் பாத்து அவங்களும் ஆரம்பிப்பாங்க."

பாஞ்சாலி காஜாவைப் பார்த்தாள். காஜா ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது. ஆனால் அதன் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வாணாங்கா" என்றான்.

"அக்கரைக்குப் போ. கால் மணி கழிச்சு நான் சுத்தச் சொல்வேன். அப்புறம் இழுக்கச் சொல்வேன். அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வா."

"வெறும் மீன் பத்தாது. தலைக்கறி இருக்கிற மீனா வேணும்."

"எல்லா மீனுக்கும் தலை இருக்கும். போ."

*

காஜா வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினான். முதல் அடியிலேயே கால் தன்னுடையது இல்லை என்று தோன்றியது. நடுவாற்றில் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அக்கரையில் ஏறி வேட்டியைக் கட்டிக்கொண்டு பார்த்தான். கால் இரண்டும் இருந்தன.

அக்கரைக் குழி காலியாக இருந்தது. உள்ளே ஒரு தவளை மட்டும் ஒப்பந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது. குழியைத் தாண்டி நிலமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரே ஒரு காட்டில் மட்டும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. புதிதாக நட்ட மிளகாய் நாற்று நிமிர்ந்து நின்றது.

காஜா வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தான். வாய்க்கால் ஏற்றம் போட்டிருந்த ஒரு கிணற்றில் போய் முடிந்தது. கிணற்றைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருவர் பம்பை வைத்திருந்தார். ஒருத்தி கையில் மணி. எல்லோரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஜாவும் பார்த்தான்.

கிணற்றுச் சுவரில், தண்ணீருக்கு இரண்டு முழம் மேலே, இரும்பு மூஞ்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பூசியிருந்தார்கள். குங்குமம் வைத்திருந்தார்கள். இரண்டு வெள்ளிக் கண்கள் ஒட்டியிருந்தன. கழுத்தில் சாமந்தி மாலை. மாலைக்குக் கீழே மஞ்சள் பூசிய தாம்புக் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே வேப்பமரத்தில் கட்டியிருந்தது. மூஞ்சியைச் சுற்றிலும் இருந்த இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

காஜா மூன்று முறை கண்ணை மூடித் திறந்தான். அப்போது இரும்பு மூஞ்சி மெதுவாகத் திரும்பியது. ஒரு வெள்ளிக் கண் கீழே போனது. இன்னொன்று மேலே வந்தது.

"சாமி திரும்புது!" என்று யாரோ கத்தினார்கள். மணி அடித்தது. பம்பை அதிர்ந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காஜாவும் ஒரு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுற்றல் நின்றது. பிறகு சாமி பின்பக்கமாக அரை அடி சுவருக்குள் போனது.

"உள்ள போவுது! புடிங்கடா!" என்றாள் ஒரு அம்மாள். ஐம்பது வயது, தோளில் துண்டு, குரலில் உலக்கை.

பத்துப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். இழுத்தார்கள். காஜா தனக்கு என்ன ஆனது என்று யோசிப்பதற்குள் அவன் கையும் கயிற்றில் இருந்தது. எதிர்க்கரைக் குழியில் சென்றாயனின் ஆட்கள் இழுத்தார்கள். இங்கே இவர்கள் இழுத்தார்கள். சாமி போவதா வருவதா என்று தெரியாமல் நடுவில் நின்று நடுங்கியது. கடைசியில் இந்தப் பக்கம் ஜெயித்தது. சாமி வெளியே வந்தது. ஆளுக்கு ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

அந்த அம்மாள் காஜாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ யாரு?"

"வெளியூர் பக்தருங்க."

"பேரு?"

"காஜா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பரவால்ல. நல்லா இழுக்கிற. நாளைக்கும் வா. யாருகிட்டயும் வாய் தொறந்துடாத. சர்க்காருக்குத் தெரிஞ்சா உண்டியல் வெச்சுடுவாங்க."

"உங்க பேருங்கம்மா?"

"மாதம்மாள். கிணறு என்னுது. மூணு வருஷமா சொட்டுத் தண்ணி இல்ல. மூணு நாளைக்கு முன்னாடி காலைல சாமி சுவத்தைப் பொளந்துக்கினு வந்துச்சு. பின்னாலயே தண்ணி வந்துச்சு."

*

காஜா திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னான். தான் கயிறு பிடித்ததை மட்டும் விட்டுவிட்டான்.

"நீயும் இழுத்தியா?" என்றாள் பாஞ்சாலி.

"எப்படிக்கா தெரியும்?"

"கையில மஞ்சள்."

சென்றாயன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "பிட்டு இருக்குது! ராடும் இருக்குது! ஆனாக்கா, நான் மட்டமா இல்ல போட்டேன்? குழிக்கு அடியில பூந்து கிணத்துல எப்படிப் போச்சு?"

"அதை ஓவர்சியரும் கேப்பாரு. நீ கோணலாத் தோண்டினன்னு சொல்லுவாரு. திருட்டுக் கேஸ் போயி, வேலையக் கெடுத்தான்னு கேஸ் வரும்."

சென்றாயன் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

மணி பத்தரை. பனி போய் வெயில் சுள்ளென்று அடித்தது. டீக்குப் போன நஞ்சப்பன் டிபனுக்கும் போயிருந்தார். பாஞ்சாலி ஷெட்டுக்குள் நுழைந்தாள். கருங்கல் பலகை மேல் பெட்டி இருந்தது. அதன் மூலையில் வரிசையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"ரசமட்டத்தை எறும்பு திங்குமாக்கா?"

"அதைத்தான் பாக்கிறேன்."

திறந்தாள். காலையில் துடைத்தும் போகாத பனி இப்போது இல்லை. கண்ணாடிக்குள் திரவம் தெளிவாக இருந்தது. கட்டையை லேசாகச் சாய்த்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது. குழாயின் ஒரு முனையில் சிவப்பு அரக்கு அப்பியிருந்தது.

"காஜா, உன் எண்ணெய் பாட்டில் எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தான். எண்ணெய் உருகித் தண்ணீராக ஆடியது. பாஞ்சாலி பாட்டிலைப் பார்த்தாள். ரசமட்டத்தைப் பார்த்தாள். சிரித்தாள். அவள் சிரித்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் எப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டாள்.

"நான் அக்கரைக்குப் போறேன். அந்த மாதம்மாள்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும். ஜீப் வந்ததும் எல்லாரையும் கிணத்துக்குக் கூட்டிக்கினு வா. பெட்டியையும் எடுத்துக்கினு வா."

"தண்ணி சில்லுனு இருக்கும்க்கா."

"வெயில் வந்துடுச்சுப்பா. நீதான் காலைலயே போன."

*

பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் சவுரியப்பன் இறங்கினார். விலங்கையும் கொண்டுவந்திருந்தார். சென்றாயன் அதையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

கிணற்றடியில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. ஒரு தட்டில் மாலை, பட்டுத் துண்டு, தேங்காய், வெற்றிலை. பாஞ்சாலி ஒரு ஓரமாக நின்றாள்.

நஞ்சப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளிக் கண்கள் அவரைப் பார்த்தன.

"சார்! இது நம்ம பிட்டு சார்!"

"வித்துட்டான்னு எழுதிக் குடுத்தீங்களே" என்றார் சவுரியப்பன்.

நஞ்சப்பன் இரண்டு நொடி யோசித்தார். "அதைவிட மோசம் சார். கோணலாப் போட்டிருக்கான். பதினெட்டு நாள் வேலை நாசம். மட்டம் பாத்தது முழுக்க இவன்தான் சார். நான் கிட்டகூடப் போவல. ரசமட்டம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

சென்றாயன் வாயைத் திறப்பதற்குள் சவுரியப்பன் விலங்கை எடுத்தார்.

காஜா பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் மாதம்மாளைப் பார்த்தாள். மாதம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கொஞ்சம் இருங்க எசமான். எங்க ஊருக்கு மூணு வருஷமா தண்ணி இல்ல. இந்தச் சாமியை எங்ககிட்ட அனுப்பினவங்களுக்கு முதல் மரியாதை பண்ணணும்னு ஊரு கூடி முடிவு பண்ணியிருக்குது. பட்டுத் துண்டு, பரிவட்டம், வருஷா வருஷம் கெடா வெட்டினா முதல் பங்கு. தினமும் மட்டம் பாத்து சாமிக்கு வழி காட்டினவரு யாருங்க? இந்தத் தம்பியா?"

அவள் சென்றாயனுக்கு முன்னால் போய் மாலையை உயர்த்தினாள்.

நஞ்சப்பன் மாலையைப் பார்த்தார். பட்டுத் துண்டைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த கிடாவைப் பார்த்தார். அவருக்குள் நடந்த போராட்டம் மீசையில் தெரிந்தது. நீண்ட போராட்டம் இல்லை.

"அவன் ராடு சுத்தினவன்மா. கூலி ஆளு" என்றார். "மட்டம் பாத்தது நான்."

"நீங்களா எசமான்? இப்பதான் கிட்டவே போவலன்னீங்க."

"அடக்கமாச் சொன்னேன். பதினெட்டு நாளும் நான்தான். காலைல ஆறு மணிக்கு, இந்தப் பனியில. ரசமட்டத்தை ஒருத்தனையும் தொட விட்டது இல்ல. இந்த வழி என் கண்ணு காட்டின வழி."

மாதம்மாள் மாலையை அவர் கழுத்தில் போட்டாள். பட்டுத் துண்டை மப்ளரின் மேல் பரிவட்டமாகக் கட்டினாள். பம்பை அடித்தது. நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது பாஞ்சாலி எதிரே நின்றாள். கையில் ரசமட்டம்.

"ஒருத்தரும் தொடல. அப்படித்தானுங்களே?"

நஞ்சப்பனின் பரிவட்டம் சற்றுச் சரிந்தது.

"சப் இன்ஸ்பெக்டர் சார், குமிழி ஒரு உயிருள்ள சாமான். எவ்வளவு மட்டமா இருந்தாலும் ஒரு முடியாவது ஆடும். சேத்துல அமுங்கிற மேடை மேல பதினெட்டு நாள் ஒரே இடத்துல நின்னுச்சுன்னா அது குமிழி இல்ல, கல்வெட்டு. சென்றாயன் செஞ்ச ஆப்பு ஒண்ணுகூட செலவாவல. மேடை முன்பக்கம் அமுங்க அமுங்க ராடு கீழ எறங்கி, அந்தக் குழிக்கும் அடியில பூந்து இங்க வந்துடுச்சு. கண்ணாடியில பனி புடிச்சிருந்துச்சு, தொடைச்சும் போவல. ஏன்னா பனி வெளியே இல்ல, உள்ள."

அரக்கை நகத்தால் பெயர்த்தாள். காஜாவின் உள்ளங்கையில் சாய்த்தாள். இரண்டு சொட்டு விழுந்தது. காஜா முகர்ந்தான். ஒரு நிமிடம் கண்ணை மூடினான். பிறகு யாரும் தடுப்பதற்குள் தலையில் தேய்த்துக்கொண்டான்.

"தேங்காய் எண்ணெய் சார். நம்ம ஊரு செக்குல ஆட்டினது."

பக்கத்தில் நின்றவர்கள் அவன் தலையை முகர்ந்து பார்த்தார்கள்.

"ராத்திரியெல்லாம் கருங்கல் பலகை மேல மட்டமாக் கெடக்கும்" என்றாள் பாஞ்சாலி. "குமிழி நடுவுல நிக்கும். விடியக்காலைக் குளிருல எண்ணெய் அப்படியே உறைஞ்சுடும். அதைக் கொண்டுபோய்க் கூரை மேல வெச்சாலும் மட்டம்னுதான் காட்டும். பத்து மணிக்கு உருகிடும். அப்போ இவரு டிபன்ல இருப்பாரு."

சவுரியப்பன் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளினார்.

"வூட்டுல கை தவறி விழுந்துடுச்சு சார்" என்றார் மெல்ல. "முனை உடைஞ்சு உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சு. புதுசு கேட்டா திட்டுவாங்க. சம்சாரத்தோட எண்ணெயை ஊத்தி அரக்கு வெச்சேன். சாயங்கால வெயில்ல ஓட்டிப் பாத்தேன் சார். குமிழி என்ன அழகா ஓடுச்சு தெரியுமா!"

விலங்கு சவுரியப்பனின் பைக்குள் திரும்பிப் போனது. சென்றாயன் இரண்டு மணிக்கட்டையும் தடவிக்கொண்டான். இன்னும் அவை தன்னிடம் இருப்பதை இப்போதுதான் நம்பினான் போலிருந்தது.

"சரி. பிட்டைக் கழட்டுங்க, துளையை சிமிட்டி வெச்சு அடைங்க" என்றார் சவுரியப்பன்.

"அது எப்படிங்க எசமான்?" என்றாள் மாதம்மாள். குரலில் உலக்கை திரும்பி வந்தது. "பட்டா நிலம், என் கிணறு. என்னைக் கேக்காம என் சுவத்தைப் பொளந்துக்கினு உள்ள வந்தது யாரு? முதல்ல அந்தக் கேசை எழுதுங்க. இவரே மாலையோட ஒத்துக்கினாரு. நாப்பது சாட்சி இருக்குது."

சவுரியப்பன் நோட்டைத் திறந்தார். என்ன எழுதுவது என்று யோசித்தார். அத்துமீறி நுழைந்தவர் என்ற இடத்தில் பிட்டின் பெயரை எழுதுவதா ஓவர்சியரின் பெயரை எழுதுவதா? நோட்டை மூடினார்.

"அந்தம்மா புகார் குடுக்காம இருந்தா நீங்க துளையை அடைக்காம இருப்பீங்களா?" என்று நஞ்சப்பனைக் கேட்டார்.

"இருப்பேன் சார்."

"புது ரசமட்டம்?"

"வாங்கிடறேன் சார்."

"அதை யாரு வெச்சிருப்பாங்க?"

நஞ்சப்பன் மாலையைக் கழற்றினார். கொஞ்சம் தயங்கினார். சென்றாயன் கழுத்தில் போட்டார். பரிவட்டத்தைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. அதோடு ஆற்றைக் கடந்து போய் ஜீப்பில் ஏறினார்.

பாஞ்சாலி முந்தானையை அவிழ்த்து ஆப்பை எடுத்துச் சென்றாயனிடம் கொடுத்தாள். "நாளைக்கு முதல் ஆப்பு இதுவா இருக்கட்டும்."

*

கிளம்பும்போது மாதம்மாள் வாய்க்கால் வரை கூட வந்தாள்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கலாமா?" என்றான் காஜா. "நிஜமாவே சாமின்னு நெனச்சீங்களா?"

மாதம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"என் கிணத்துலயே முன்னாடி ரெண்டு சைடு போர் போட்டிருக்குது தம்பி. பிட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் வெள்ளிக் கண்ணு?"

"பிட்டுன்னு சொன்னா ஒரு ஆளு கயித்தைப் புடிப்பானா? உருவிக்கினு போயி அடைச்சிருப்பாங்க. சாமின்னு சொன்னேன். இருபது பேரு புடிச்சாங்க." அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நீகூடத்தான் புடிச்ச."

காஜா பாஞ்சாலி பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"காலைல ரெண்டு வார்த்தை பேசினேனே. குரல்லயே தெரிஞ்சுடுச்சு."

திரும்பும் பஸ்ஸில் காஜா சீப்பை எடுத்தான். ரசமட்டத்து எண்ணெய் இன்னும் தலையில் மினுமினுத்தது. நிதானமாக வகிடு எடுத்தான். டிரைவரின் கண்ணாடியில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"நேரா இருக்குதாக்கா?"

பாஞ்சாலி பார்த்தாள். நெற்றியில் ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தது. போகப் போக இறங்கி, காதுக்குப் பின்னால் எங்கோ போய் முடிந்தது.

"நட்ட நடு சென்டர்" என்றாள்.